அடுத்த நாளும் போனால் வேறு பாட்டு வருமா? ராக் பேண்டுகளும் செட்லிஸ்ட்டும்

கேள்வி இதுதான்: ஒரு ராக் பேண்ட் ஒரே டூரில், அடுத்தடுத்த இரண்டு கான்சர்ட்களில், செட்லிஸ்ட் எனப்படும் பாட்டுப் பட்டியலை எவ்வளவு மாற்றும்? இரண்டு நாளுக்கும் டிக்கெட் எடுத்தால் காசு வீணாகுமா?

பெரும்பாலான பெரிய பேண்டுகள் கிட்டத்தட்ட மாற்றுவதே இல்லை. இருபது இருபத்தைந்து பாட்டில் ஒன்றிரண்டு மாறினால் அதிகம். நடுத்தரமாக ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்கள் நாலைந்து இடங்களைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் மட்டும் விளையாடுவார்கள். பாதிக்கு மேல் மாற்றுகிறவர்கள், அதிலும் நேற்றுப் பாடியதை இன்று பாடவே மாட்டேன் என்று இருப்பவர்கள், ரொம்பக் குறைவு. இதில் யார் எந்தப் பக்கம் என்பது சோம்பேறித்தனம், சுறுசுறுப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு விஷயங்களைப் பார்த்தாலே முக்கால்வாசி விளங்கிவிடும்: மேடையில் எத்தனை பொருட்கள் பாட்டோடு கட்டப்பட்டிருக்கின்றன, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் நேற்றும் வந்தவர்களா.

முதலில் மாறாதவர்கள். அயர்ன் மெய்டன் 2008 பிப்ரவரி 1 அன்று மும்பையில் ஒரு உலக டூரை ஆரம்பித்தார்கள். பாடகர் புரூஸ் டிக்கின்சனே ஓட்டிய போயிங் 757 விமானத்தில் ஆட்களும் சாமான்களும் ஒன்றாக ஊர் ஊராகப் போன டூர் அது. அன்று மும்பையில் பாடிய பட்டியலில் பெரும்பகுதியைத்தான் அடுத்து வந்த ஊர்களிலும் பாடினார்கள். காரணம் மேடையைப் பார்த்தாலே தெரியும். அவர்களுக்குப் பாட்டுக்குப் பாட்டு பின்திரை மாறும், ஆளைவிடப் பல மடங்கு பெரிய, 'எட்டி' என்று பெயர் வைத்த அவர்கள் அடையாளப் பொம்மை குறிப்பிட்ட பாட்டில் வந்து நிற்கும், தீ குறிப்பிட்ட வரியில் எரியும். ஏசி டிசி இன்னும் கறார். 'ஹெல்ஸ் பெல்ஸ்' என்றால் மேலேயிருந்து பெரிய மணி இறங்க வேண்டும், 'ஃபார் தோஸ் அபௌட் டு ராக்' என்றால் பீரங்கி வெடிக்க வேண்டும், அதுதான் கடைசிப் பாட்டு. அந்த மணியையும் பீரங்கியையும் பார்க்கத்தான் ஜனம் காசு கொடுத்து வருகிறது. ரோஜர் வாட்டர்ஸ் 2010 முதல் 2013 வரை 'தி வால்' ஆல்பத்தை முழுதாக மேடையேற்றியபோது, முதல் பாதி முழுக்க ஆட்கள் மேடைக்குக் குறுக்கே ஒவ்வொரு கல்லாக அடுக்கிச் சுவர் எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். அங்கே பாட்டை முன்பின் மாற்றினால் சுவர் பாதியில் நிற்கும்.

ஒரே ஒரு பாட்டை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு பெரிய அரங்கக் கான்சர்ட்டில், டிரம்மர் காதில் கிளிக் டிராக், அதாவது தாளத்தை எண்ணிக் காட்டும் டிக்டிக் சத்தம், ஓடிக்கொண்டிருக்கும். அதே கடிகாரத்தில்தான் விளக்கு, வீடியோ, சில சமயம் புகையும் தீயும் எல்லாமே ஓடும், டைம்கோட் என்று சொல்வார்கள். பன்னிரண்டாவது பாட்டின் கோரஸில் வெள்ளை விளக்கு அடிக்க வேண்டும் என்பது மாதக்கணக்கில் உட்கார்ந்து புரோகிராம் செய்த விஷயம். அப்புறம் கிடார். ஒவ்வொரு பாட்டுக்கும் ட்யூனிங் ஒன்றாக இருக்காது. அடுத்த பாட்டுக்கான கிடாரைச் சுருதி சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு ஆள் மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார், பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் மாற்றிக் கொடுத்துவிட்டு ஓட வேண்டும். ரோலிங் ஸ்டோன்ஸில் கீத் ரிச்சர்ட்ஸுக்கு ஓப்பன் ஜி என்ற தனி ட்யூனிங்கில் ஐந்து கம்பி மட்டும் போட்ட கிடார் தனியாக உண்டு, அதில் வாசிக்கிற பாட்டைச் சாதாரண கிடாரில் வாசித்தால் அந்தச் சத்தம் வராது. கீபோர்டில் பாட்டுக்கு ஏற்ற ஒலி முன்கூட்டியே வரிசைப்படி ஏற்றப்பட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே பாடகரின் தொண்டை. உச்சத்தில் கத்துகிற இரண்டு பாட்டை அடுத்தடுத்து வைத்தால் வாரத்தில் நாலு கான்சர்ட் தாங்காது, அதனால் வரிசையே குரலுக்கு மூச்சு விடுகிற மாதிரிதான் அமைந்திருக்கும். ஒரு பாட்டை உருவினால் இது எல்லாமே ஆடும்.

தவிர, பெரும்பாலான ரசிகர்களின் வாழ்க்கையில் அந்த பேண்ட் ஒரு தடவைதான் ஊருக்கு வருகிறது. அவருக்கு நேற்று வேறு ஊரில் என்ன பாடினார்கள் என்பதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. தனக்குத் தெரிந்த பத்துப் பாட்டும் வர வேண்டும், அவ்வளவுதான். அது நியாயமான ஆசை.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. பீட்டில்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960 முதல் 1962 வரை ஹாம்பர்க் கிளப்புகளில் இரவுக்குப் பல மணி நேரம் வாசித்தவர்கள், கைவசம் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்து, கிடைத்ததையெல்லாம் கற்றுக்கொண்டு வாசித்தவர்கள். அதே ஆட்கள் உலகப் புகழ் வந்த பிறகு பத்துப் பன்னிரண்டு பாட்டை, சுமார் அரை மணி நேரத்தில், ஊர் ஊராக அப்படியே ஒப்பித்துவிட்டுப் போனார்கள். 1966 ஆகஸ்டில் 'ரிவால்வர்' ஆல்பம் வெளியானது, அதே மாதம் அமெரிக்க டூர், அந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைக்கூட மேடையில் பாடவில்லை. சான்ஃபிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க்கில் ஆகஸ்ட் 29 அன்று 11 பாட்டோடு டூர் வாழ்க்கையையே முடித்துக்கொண்டார்கள். மானிட்டர் ஸ்பீக்கர் இல்லாத காலம், கூட்டத்தின் அலறலில் தாங்கள் வாசிப்பதே தங்களுக்குக் கேட்காத நிலை. அந்த நிலையில் புதுப் பாட்டை முயற்சி செய்ய எந்த பேண்டுக்கும் மனம் வராது.

நடுத்தரக் கூட்டம்தான் இன்றைக்கு நாம் அதிகம் பார்ப்பது. ஆரம்பம், முடிவு, பெரிய ஹிட்கள் எல்லாம் ஆணி அடித்த மாதிரி இருக்கும், நடுவில் மூன்று நாலு இடம் காலியாக விடப்பட்டிருக்கும். ரோலிங் ஸ்டோன்ஸ் சில ஆண்டுகளாக ஒரு பாட்டை மட்டும் அந்தந்த ஊர் ரசிகர்களின் ஆன்லைன் ஓட்டுக்கு விடுகிறார்கள், மீதி ஹிட்கள் தப்பாமல் வரும். அவர்களோடு பல்லாண்டுகளாக வாசிக்கும் கீபோர்டு கலைஞர் சக் லெவெல், எந்த ஊரில் எதை வாசித்தோம் என்று குறிப்பு வைத்துக்கொண்டு பாடகர் மிக் ஜாகருக்குப் பட்டியல் யோசனை சொல்கிறவர். கோல்ட்பிளே 2025 ஜனவரியில் நவி மும்பையில் மூன்று நாள், அகமதாபாத்தில் இரண்டு நாள் வாசித்தபோதும் இதே கதைதான். ரசிகர்கள் எல்லார் கையிலும் மினுங்குகிற பட்டை, அதன் நிறமும் நேரமும் ஒரே இடத்திலிருந்து இயக்கப்படும், அதனால் எலும்புக்கூடு ஒன்றேதான், சிறிய மேடைக்கு இறங்கி வருகிற பகுதியில்தான் கொஞ்சம் மாற்றம்.

மெட்டாலிகா செய்தது ஒரு புத்திசாலித்தனமான வேலை. 2023 ஏப்ரல் 27, 29 தேதிகளில் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய எம்72 டூரில், பெரும்பாலான ஊர்களில் இரண்டு இரவு, இரண்டிலும் ஒரு பாட்டுகூடத் திரும்ப வராது என்று அறிவித்தே டிக்கெட் விற்றார்கள். ஆம்ஸ்டர்டாமில் முதல் இரவு 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாடி முடித்தார்கள், இரண்டாம் இரவு 'என்டர் சாண்ட்மேன்'. அடுத்தடுத்த கான்சர்ட்களை மட்டும் ஒப்பிட்டால் நூற்றுக்கு நூறு மாற்றம். ஆனால் ஒரு ஊரின் முதல் இரவை அடுத்த ஊரின் முதல் இரவோடு வைத்துப் பாருங்கள், நிறைய பாட்டு ஒன்றாக இருக்கும். அதாவது ஒரு நிலையான பட்டியலுக்குப் பதிலாக இரண்டு பட்டியல் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சில இடங்களை மட்டும் மாற்றுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ரசிகனுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடுத்தடுத்த இரண்டு இரவை மட்டும் பார்த்து ஒரு பேண்டை எடை போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பட்டியல் போடுவது டிரம்மர் லார்ஸ் உல்ரிக். அந்த ஊருக்குப் போன தடவை வந்தபோது என்ன வாசித்தோம் என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்.

அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இரண்டு பக்கமும் இருந்து காட்டியவர். 2009 டூரில் ரசிகர்கள் அட்டையில் பாட்டுப் பெயர் எழுதித் தூக்கிப் பிடிப்பார்கள், அவர் இறங்கிப் போய் கைநிறைய வாங்கிக்கொண்டு வந்து, அதில் ஒன்றை பேண்டுக்குக் காட்டுவார், பல வருஷமாக வாசிக்காத பாட்டாக இருந்தாலும் ஸ்வரத்தைச் சொல்லிவிட்டு ஆரம்பித்துவிடுவார். எழுதி ஒட்டிய பட்டியல் ஒன்று, வாசித்தது ஒன்று என்று இருக்கும். 2012 ஜூலை 31 அன்று ஹெல்சிங்கியில் 4 மணி நேரம் 6 நிமிடம் நிறுத்தாமல் வாசித்தார். அதே மனிதர் 2023 டூரில் பட்டியலைப் பெரும்பாலும் பூட்டிவிட்டார், பழைய ரசிகர்களுக்குக் கோபம் கோபமாக வந்தது. எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, ஆனாலும் அவர் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். சின்ன வயதில் சேர்ந்த முதல் பேண்டான கேஸ்டைல்ஸில், கூட வாசித்த ஜார்ஜ் தீஸ் இறந்த பிறகு, உயிரோடு இருப்பது ஸ்பிரிங்ஸ்டீன் ஒருவர்தான். அதைப் பற்றிப் பேசிவிட்டு 'லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்' பாடுவார், கடைசியில் எல்லாரும் போன பிறகு தனியாக நின்று 'ஐ'ல் ஸீ யூ இன் மை டிரீம்ஸ்' பாடி முடிப்பார். முதுமையையும் சாவையும் பற்றி ஒரு கதை சொல்கிறார், கதைக்கு வரிசை வேண்டும். 2024இல் மறுபடி கிளம்பியபோது பூட்டைக் கொஞ்சம் தளர்த்தினார்.

இனி உண்மையிலேயே மாற்றுகிறவர்கள். பேர்ல் ஜாம் பேண்டில் பாடகர் எட்டி வெட்டர் ஒவ்வொரு நாளும் அன்றைய பட்டியலைக் கையால் எழுதுகிறார். இந்த ஊரில் முன்னே என்ன வாசித்தோம், நேற்று என்ன வாசித்தோம், தொண்டை எப்படி இருக்கிறது, எல்லாம் பார்த்துத்தான். ஒரே ஊரில் இரண்டு இரவு என்றால் பாதிக்கு மேல் மாறுவது சாதாரணம். 2000ஆம் ஆண்டு டூரில் 72 கான்சர்ட்களைத் தனித்தனி ஆல்பமாகவே வெளியிட்டார்கள், எல்லாம் ஒரே பட்டியலாக இருந்திருந்தால் அதை யார் வாங்கியிருப்பார்? 2003 ஜூலையில் பாஸ்டன் பக்கத்தில் மான்ஸ்ஃபீல்டில் மூன்று இரவு. தங்கள் பாட்டுகளில் பெரும்பகுதியைத் திரும்ப வராமல் வாசித்துத் தீர்த்துவிடுவது என்று இறங்கினார்கள், மூன்றாம் இரவு பாட்டு இன்னும் மிஞ்சியிருந்ததால் துணை பேண்ட் மேடைக்கு வருவதற்கு முன்பே ஒரு அக்கூஸ்டிக் செட் வாசித்தார்கள். இப்படிச் செய்ய ஆல்பங்கள் மட்டும் போதாது, ஐந்து பேருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டு விரல் நுனியில் இருக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கலையின் மூலவேர் கிரேட்ஃபுல் டெட் என்ற பேண்ட். 1965 முதல் 1995 வரை இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கான்சர்ட், பெரும்பாலும் எழுதிய பட்டியலே கிடையாது. கண்டபடி வாசித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டகம் ரொம்பத் தெளிவு. முதல் செட்டில், அதாவது இடைவேளைக்கு முந்தைய பாதியில், ஜெர்ரி கார்சியா ஒரு பாட்டு, பாப் வியர் ஒரு பாட்டு என்று மாற்றி மாற்றிப் போகும். இரண்டாம் செட்டில் பாட்டுகள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் கோக்கப்படும், நடுவில் இரண்டு டிரம்மர்கள் மட்டும் தனியாக வாசிப்பார்கள், பிறகு தாளமே இல்லாத ஒரு மிதப்பு, அதிலிருந்து மெல்ல அடுத்த பாட்டு எழும். சட்டகம் மாறாது, உள்ளே என்ன வரும் என்பது யாருக்கும் தெரியாது. ரசிகர்கள் இதற்காகவே வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் பின்னால் போனார்கள். கான்சர்ட்டைப் பதிவு செய்கிற ரசிகர்களுக்கென்று 1984 முதல் அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். நேற்றும் முந்தாநாளும் வந்த அதே முகங்கள் முன்வரிசையில் இருக்கும்போது, அதே பட்டியலை வாசிக்கவே முடியாது.

ஒரு பாட்டைப் பல வருஷம் பூட்டி வைப்பதில் என்ன பலன் என்பதற்கு 1989 அக்டோபர் 9 சாட்சி. வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் என்ற ஊரில் கிரேட்ஃபுல் டெட் இரண்டு இரவு வாசித்தார்கள். தங்கள் பழைய பெயரான 'வார்லாக்ஸ்' என்ற பெயரில், உள்ளூரில் மட்டும் டிக்கெட் விற்று, சத்தமில்லாமல் வைத்த கான்சர்ட்கள். இரண்டாம் இரவு 'டார்க் ஸ்டார்' பாட்டின் முதல் இரண்டு ஸ்வரம் விழுந்ததும் அரங்கம் வெடிக்கிறது. 1984 ஜூலைக்குப் பிறகு அதை அவர்கள் வாசித்ததே இல்லை. அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள், கூட்டம் எழுப்புகிற சத்தத்தில் கொஞ்ச நேரம் கிடாரே கேட்காது. தினமும் வாசிக்கிற பாட்டுக்கு அப்படி ஒரு சத்தம் கிடைக்கவே கிடைக்காது.

அந்த வழியில் வந்த ஃபிஷ் பேண்ட் இதை ஒரு பந்தயமாகவே ஆக்கிவிட்டது. 2017 ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 6 வரை நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவு, மொத்தம் 237 பாட்டு, ஒன்றுகூடத் திரும்பவில்லை. அவர்கள் ரசிகர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் கடைசியாக வாசித்து எத்தனை கான்சர்ட் ஆயிற்று என்று கணக்கு வைத்திருப்பார்கள், கேப் என்று சொல்வார்கள், பெரிய கேப் உடைந்தால் திருவிழா. நான் முன்னே சொன்ன விளக்குச் சிக்கலை இவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் தெரியுமா? 1989 முதல் கிறிஸ் குரோடா என்ற ஒருவர் அவர்கள் விளக்குகளைக் கையாலேயே, பாட்டைக் கேட்டுக் கேட்டு, அந்தந்த நொடியில் இயக்கி வந்திருக்கிறார். ரசிகர்கள் அவரை ஐந்தாவது உறுப்பினர் என்கிறார்கள், அது உபசார வார்த்தை இல்லை.

இரண்டு வகையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க லாஸ் வேகஸ் ஸ்ஃபியர் அரங்கம் வாய்ப்புக் கொடுத்தது. 2023 செப்டம்பர் 29 முதல் 2024 மார்ச் தொடக்கம் வரை யூ2 அங்கே 40 கான்சர்ட். தலைக்கு மேலே கவிந்து நிற்கும் அந்தப் பிரம்மாண்டத் திரையில் ஓடும் படங்கள் பாட்டோடு பின்னப்பட்டவை, அதனால் 'ஆக்டுங் பேபி' ஆல்பத்தின் பாட்டுகளும் கடைசி ஹிட்களும் அசையாது, நடுவில் சாதாரணமாக வாசித்த ஒரு சிறு பகுதி மட்டும் மாறியது. அடுத்த மாதமே, ஏப்ரலில், அதே அரங்கம் அதே திரை, ஃபிஷ் நாலு இரவு வாசித்தார்கள், ஒரு பாட்டும் திரும்பவில்லை. பாட்டு எவ்வளவு நேரம் நீண்டாலும் கூடவே நீளுகிற மாதிரி காட்சிகளை அமைத்துக்கொண்டார்கள். ஆக, கருவி கட்டிப்போடுகிறது என்பது பாதி உண்மைதான். மாற்ற வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் கருவியையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ள முடிகிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. காகிதத்தில் ஒரே பட்டியலாக இருந்தும் இரவுக்கு இரவு இசை வேறாக இருக்கலாம். லெட் செப்பலின் எழுபதுகளில் ஒரு டூருக்கு ஏறக்குறைய ஒரே வரிசைதான், ஆனால் 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' ஒரு நாள் இருபது நிமிடம், இன்னொரு நாள் முப்பதைத் தாண்டும், உள்ளே என்ன நடக்கும் என்று கிடார் வாசிக்கும் ஜிம்மி பேஜுக்கே தெரியாது. ஆல்மன் பிரதர்ஸ் 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் அதே சில பாட்டுகளைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், அதிலிருந்து வந்த ஆல்பத்தில் 'விப்பிங் போஸ்ட்' மட்டும் 23 நிமிடம். பாப் டிலன் 2021இல் தொடங்கிய டூரில் 'ரஃப் அண்ட் ரவுடி வேஸ்' ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகளை இரவு தவறாமல் வாசித்தார், ஒரு காலத்தில் இரவுக்கு இரவு பட்டியலைப் புரட்டிப் போட்டவர்தான். ஆனால் பாட்டின் நடையும் தாளமும் டூர் போகப் போக மாறிக்கொண்டே இருந்தது. இணையத்தில் பட்டியலைப் பார்த்து "அதே பழைய கதை" என்று ஒதுக்குகிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

சரி, டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். செட்லிஸ்ட்.எஃப்எம் தளத்துக்குப் போங்கள், ரசிகர்களே ஒவ்வொரு கான்சர்ட் பட்டியலையும் பதிந்து வைத்திருக்கிறார்கள். இப்போதைய டூரின் கடைசி நாலைந்து இரவை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் மூன்று பாட்டும் கடைசி மூன்று பாட்டும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், நடுவில் மாற்றுகிறவர்களில்கூடப் பல பேர் அதை அவ்வளவாகத் தொட மாட்டார்கள். நடுப்பகுதியைப் பாருங்கள். டூரின் ஆரம்ப வாரத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், புதுக் காட்சியமைப்பு பழகுகிற வரைக்கும் எல்லாருமே கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள், போகப் போகத்தான் கை இளகும். ஒரே ஊரில் இரண்டு இரவு வைத்த பழைய உதாரணம் அந்த டூரில் இருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய ஒப்பீடு. நடுவில் ஆறேழு பாட்டாவது மாறினால் இரண்டாம் நாளுக்கும் எடுங்கள். ஒன்றிரண்டுதான் மாறுகிறது என்றால், இரண்டு சுமாரான டிக்கெட்டின் காசை ஒரே நாளில் போட்டு மேடைக்குப் பக்கத்தில் ஒரு இடம் வாங்குங்கள். ஃபிஷ், பேர்ல் ஜாம் மாதிரி ஆட்கள் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், எத்தனை இரவு முடியுமோ அத்தனைக்கும் போங்கள், அன்றைய பட்டியலை மட்டும் முன்கூட்டி யாராவது சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.